ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனில் எஞ்சின் எண்ணெய்க் கசிவு

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனில் எஞ்சின் எண்ணெய்க் கசிவு என்பது, காற்றால் குளிர்விக்கப்படும் அதன் எஞ்சினுள் சுற்றிவர வேண்டிய மசகெண்ணெய், இணைப்புகள், சீல்கள், குழாய்கள் ஆகியவற்றின் வழியே வெளியேறுவதைக் குறிக்கும். இவ்வகை வேனில் எண்ணெய் சொட்டும் இடமும் அது கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியின் காற்றும், வண்டி ஓடும்போது அடிப்பகுதியில் வீசும் காற்றும் எண்ணெயைத் தொலைவுக்குக் கொண்டு சென்றுவிடுகின்றன. இதனால் கசிவை அடைப்பதைவிட அதன் தோற்றுவாயைக் கண்டறிவதே கடினமான வேலையாக அமைகின்றது.

பின்னணி

டைப் 2 வேனின் உற்பத்தி 1950 மார்ச்சில் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் நகரில் தொடங்கியது. 1956 இல் ஹனோவர் நகருக்கு மாற்றப்பட்டது. முதல் தலைமுறை 1967 வரையும், இரண்டாம் தலைமுறை 1979 வரையும் ஜெர்மனியில் உற்பத்தி செய்யப்பட்டன. பிரேசிலில் இவ்வேன் 2013 வரை தயாரிக்கப்பட்டது. எனினும் அங்கும் 2005 இறுதியில் காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் கைவிடப்பட்டு நீரால் குளிரும் எஞ்சின் பொருத்தப்பட்டது. ஆகவே இன்று ஓடிக்கொண்டிருக்கும் காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் வேன்களுள் மிக இளையனவும் இருபதை ஒட்டிய வயதுடையவை. மிகப் பலவற்றின் வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. விசிறி நிமிர்ந்து நிற்கும் 1600 வகை எஞ்சினைப் பற்றியே இங்கு கூறப்படுகின்றது. 1972 முதல் சில வேன்களில் பொருத்தப்பட்ட பெரிய எஞ்சினின் அமைப்பு வேறு.

எஞ்சின் வண்டியின் பின்புறத்தில் உள்ளது. நான்கு சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுக்கை நிலையில் அமைந்துள்ளன. எஞ்சின் கூடு மக்னீசியக் கலப்புலோகத்தால் ஆன இரு பாதிகளைக் கொண்டது. அவற்றுக்கிடையே கேஸ்கெட் இல்லை. மெல்லிய பூச்சுப் பசை மட்டுமே உண்டு. சிலிண்டர்கள் வார்ப்பிரும்பு, அவற்றின் தலைப்பகுதி அலுமினியம், போல்ட்டுகள் உருக்கு. இவை சூட்டில் வெவ்வேறு அளவில் விரிபவை. ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகிக் குளிரும்போதும் இணைப்புகள் சற்றே அசைகின்றன. இடையிலுள்ள ரப்பரும் தக்கையும் காலப்போக்கில் இறுகிச் சுருங்குகின்றன.

கசிவின் விளைவுகள்

"பழைய ஃபோக்ஸ்வாகன் என்றால் எண்ணெய் சொட்டத்தான் செய்யும்" என்று கூறி இதனைப் பொருட்படுத்தாமல் விடுவோர் பலர். இக்கருத்து ஆபத்தானது. இந்த எஞ்சினில் உள்ள எண்ணெய் மொத்தம் 2.5 லிட்டர் மட்டுமே. ஒரு துளியின் அளவை 0.05 மில்லிலிட்டர் எனக் கொண்டால், 20 மீட்டருக்கு ஒரு துளி வீதம் சொட்டும் வேன் 1000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் 2.5 லிட்டரையும் இழந்துவிடும். மேலும், தண்ணீரும் ரேடியேட்டரும் இல்லாத இந்த எஞ்சினில் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தையும் கடத்திச் செல்கின்றது. அளவு குறையக் குறைய எஞ்சியுள்ள எண்ணெய் மேலும் சூடாகி நீர்த்துப்போகின்றது.

ஓட்டுநர் முன்னுள்ள சிவப்பு விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தம் மிகவும் வீழ்ந்துவிட்டதைக் காட்டுவது. அது எரியும்போது பேரிங்குகள் ஏற்கெனவே சேதமடையத் தொடங்கியிருக்கலாம். எனவே அளவுகோலை உருவிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

வெளியேறும் எண்ணெய் புகைபோக்கிக் குழாய்களின் மீது விழுந்தால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. மக்னீசியக் கூடு பற்றிக்கொண்டால் அத்தீயை நீரால் அணைக்க முடியாது. நீர் அதை மேலும் கிளறிவிடும். விசிறிக் கூட்டினுள் எண்ணெய் கசிந்தால், அதன் ஆவி வேனுக்கு வெப்பமூட்டும் காற்றோடு கலந்து பயணிகள் அமரும் பகுதிக்கு வருகின்றது. ஃபிளைவீல் பக்கம் கசிந்தால் கிளட்ச் தட்டு எண்ணெயில் நனைந்து வழுக்கத் தொடங்கும்.

சொட்டுவது எஞ்சின் எண்ணெய்தானா?

ரேடியேட்டர் இல்லாததால் ஐயத்துக்குரிய திரவங்கள் சிலவே. பெட்ரோல் மணத்தாலும் விரைவில் ஆவியாவதாலும் தெரிந்துவிடும். அது சொட்டினால் வண்டியை இயக்குவதே கூடாது. பின்சக்கரங்களின் உட்புறத்தில் ஈரம் இருந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். கியர்ப்பெட்டி எண்ணெய் தடித்தது, கந்தக நாற்றம் உடையது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் இணையும் இடத்தில் சொட்டுவதை விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பது, எஞ்சினைக் கழற்றும் முன் செய்யவேண்டிய மிக மலிவான சோதனை.

எண்ணெய் குறைகிறது, தரையில் ஒரு துளியும் இல்லை என்றால் அது சிலிண்டருக்குள் எரிந்துகொண்டிருக்கலாம். புகைபோக்கியில் நீலப் புகை அதற்கு அடையாளம். மாறாக எண்ணெயின் அளவு கூடுவதாகத் தோன்றினால், எரிபொருள் பம்பின் சவ்வு கிழிந்து பெட்ரோல் எண்ணெயில் கலக்கின்றதா எனப் பார்க்கவேண்டும். நீர்த்த எண்ணெய் எந்தச் சிறு இடுக்கிலும் நுழைந்துவிடும்.

ஓடும்போது கசிவதும் நின்றபின் கசிவதும்

கசியும் இடங்களை இரு வகையாகப் பிரித்துக்கொண்டால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும். முதல் வகை, எண்ணெய் பம்பின் அழுத்தத்துக்கு உட்பட்ட இடங்கள். இவை எஞ்சின் ஓடும்போது மட்டுமே கசியும். எண்ணெய் தடித்து அழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த தொடக்கத்தில் அதிகமாகக் கசியும். இரண்டாம் வகை, அழுத்தம் இன்றி எண்ணெய் வழிந்து செல்லும் அல்லது தங்கும் இடங்கள். இவை வண்டி நின்ற பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

முதல் வகையுள் முதன்மையானது ஆயில் கூலர். இது எஞ்சின் கூட்டின் மேல், இடப்பக்கம், விசிறிக் கூட்டுக்குள் மறைந்திருக்கின்றது. 1971 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து இது தனித் தாங்கியின் மேல் சற்றுத் தள்ளி அமைக்கப்பட்டது. எஞ்சின் கூட்டின் துளைகளும் கூலரின் துளைகளும் காலத்துக்கேற்ப 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என வேறுபடுவதால் அவற்றுக்கான ரப்பர் சீல்களும் வேறுபடும். பழுதுபார்ப்பில் எஞ்சின் பாகங்கள் கலந்துபோன வேன்களில் பொருந்தாத சீல் இடப்பட்டிருப்பது பரவலாகக் காணப்படும் குறை. இங்கிருந்து வெளிவரும் எண்ணெயை விசிறிக் காற்று இடப்பக்கத்து 3, 4 ஆம் சிலிண்டர்களின் மேல் அடித்துப் பரப்பிவிடும். கீழிருந்து பார்ப்பவருக்கு அங்குள்ள புஷ் ராடு குழாய்கள் கசிவதுபோலத் தோன்றும். இப்படி ஏமாந்து குழாய்களை மாற்றியவர்கள் ஏராளம்.

எண்ணெய் அழுத்த சுவிட்சும் இப்பக்கத்திலேயே உள்ளது. அதன் உலோக உடலுக்கும் நெகிழி முனைக்கும் இடையே எண்ணெய் ஊறி வருவது வழக்கம். மிக மலிவான இப்பாகம், கூலர் கசிவை அப்படியே ஒத்த தோற்றத்தைத் தரவல்லது. புல்லிக்குக் கீழே உள்ள எண்ணெய் பம்பின் மூடியும் இவ்வகையில் அடங்கும்.

இரண்டாம் வகையுள் எட்டுப் புஷ் ராடு குழாய்கள் முதலிடம் பெறுகின்றன. சிலிண்டர்களின் அடியில் செல்லும் இவற்றின் வழியே எண்ணெய் எஞ்சின் கூட்டுக்குத் திரும்புகின்றது. இரு முனைகளிலும் சீல் உண்டு; ஆக 16 சீல்கள். சாலையில் தெறிக்கும் கற்களும் துருவும் குழாயையே துளைத்துவிடுவதும் உண்டு. மூலக் குழாய்களை மாற்ற சிலிண்டர் தலையைக் கழற்ற வேண்டும். நீளத்தைச் சுருக்கி நுழைக்கக்கூடிய சுருள்வில் குழாய்கள் பின்னர் விற்பனைக்கு வந்தன.

வால்வுகளை மூடும் டேப்பெட் கவர்கள் ஒரு வளைந்த கம்பியால் மட்டுமே பிடிக்கப்பட்டுள்ளன. தக்கைக் கேஸ்கெட் தளர்ந்தால் அல்லது கம்பி வலுவிழந்தால் கசியும். வண்டியைப் பக்கவாட்டுச் சரிவில் நிறுத்தினால் தாழ்ந்த பக்கத்தில் எண்ணெய் தேங்குவதால் அப்பக்கத்துக் கவரில் மட்டும் கசிவு தெரியலாம். அடித்தட்டு எனப்படும் வடிகட்டி மூடியில் ஆறு நட்டுகள் உள்ளன. கசிகிறதென்று இவற்றை வலிந்து முறுக்கினால் தட்டு வளைந்து கசிவு மிகும். மென்மையான மக்னீசியத்திலிருந்து ஸ்டட்டுகளே பிடுங்கிக்கொள்வதும் உண்டு. இவற்றுக்குத் தேவை ஏறக்குறைய 7 நியூட்டன் மீட்டர் இறுக்கம் மட்டுமே.

எஞ்சின் கூட்டின் உள்ளழுத்தம்

புதிய சீல்கள் இட்டும் பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் குறை சீல்களில் இல்லாதிருக்கலாம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால் எரிவாயு எஞ்சின் கூட்டுக்குள் இறங்கும். அது வெளியேற எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து காற்று வடிகட்டிக்கு ஒரு மூச்சுக்குழல் செல்கின்றது. அக்குழல் அடைபட்டாலோ வளையங்கள் மிகத் தேய்ந்தாலோ உள்ளழுத்தம் கூடி, எண்ணெயைக் கிடைத்த வழியில் வெளியே தள்ளும்.

இதன் முதல் அறிகுறி புல்லியில் தென்படும். கிராங்க் தண்டின் புல்லி முனையில் தொழிற்சாலை அமைப்பின்படி ரப்பர் சீல் கிடையாது. புல்லியின் கழுத்தில் வெட்டப்பட்ட திருகு வரியே எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகின்றது. உள்ளழுத்தம் மிகுந்தால் இத்திருகு தோற்றுவிடும். புல்லி எஞ்சின் அறையெங்கும் எண்ணெயை வீசும். இந்நிலையில் மூச்சுக்குழலைத் துப்புரவு செய்வதும் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளப்பதும் முதலில் செய்யவேண்டியவை.

தேடும் முறை

அழுக்கு எஞ்சினில் எதையும் கண்டறிய இயலாது. கொழுப்பு நீக்கும் கரைப்பானும் தூரிகையும் கொண்டு எஞ்சினை மேலும் கீழும் கழுவி உலரவிட வேண்டும். வேனை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் செல்லுதல் கூடாது. திறந்த வெளியில் எஞ்சினை இயக்கி, முதல் பத்து நிமிடங்களில் முதலில் ஈரமாகும் இடத்தைக் கைவிளக்கால் பார்க்க வேண்டும். ஐயமுள்ள இடங்களில் முகப்பவுடரைத் தூவினால் எண்ணெய் வரும் பாதை கருங்கோடாகத் தெரியும். எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து புறஊதா விளக்கில் பார்ப்பது சிறு கசிவுகளுக்கு ஏற்றது.

எண்ணெய் கீழ்நோக்கியே வடியும் என்பதால், ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளியைத் தேடிச் செல்லவேண்டும். இந்த வேனில் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டியிருப்பதால், ஓட்டாமல் நிறுத்திவைத்துச் செய்யும் சோதனையே முதலில் வரவேண்டும். பின்னர் இரவில் அடியில் அட்டை விரித்து, சக்கரங்களின் இடத்தை அதில் குறித்து வைத்தால், நின்றபின் சொட்டும் இடம் காலையில் தெளிவாகும்.

ஃபிளைவீல் பக்கம்

எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேரும் இடத்தில் எஞ்சின் எண்ணெய் சொட்டினால் உடனே "மெயின் சீல் போய்விட்டது" என்று கூறப்படுவது வழக்கம். அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். ஆனால் மேலே உள்ள கூலரிலோ சுவிட்சிலோ கசிந்த எண்ணெய் எஞ்சின் கூட்டின் மேல் வழிந்து இதே இடத்தில் வந்து சொட்டக்கூடும். மேற்பகுதி உலர்ந்திருப்பது உறுதியான பின்னரே எஞ்சினை இறக்குவது முறை.

இறக்கியபின் சீலை மட்டும் மாற்றி மூடிவிடுவதும் சரியன்று. ஃபிளைவீலின் உட்புற ஓ ரிங், அதன் பின்னால் மறைந்துள்ள கேம் தண்டின் மூடி ஆகியவையும் அதே எண்ணெயைத் தரவல்லவை. கிராங்க் தண்டின் முன்பின் அசைவையும் அளக்கவேண்டும். 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டிய இவ்வசைவு, மூன்று மெல்லிய வளையத் தகடுகளால் சரிசெய்யப்படுகின்றது. அசைவு மிகுந்த தண்டு எவ்வளவு நல்ல சீலையும் சில மாதங்களில் தேய்த்துவிடும்.