தவறணையும் பெண்ணுரிமையும்

பெல்மதுளைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பதிலும் பால் வெட்டுவதிலும் பெண்ணின் உழைப்பே பெரும்பங்கு. எனினும், மனைவியின் சம்பளத்தைக் கணவனே வாங்கும் வழக்கம் நம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. அவளது வியர்வைக் காசு தவறணைக்குப் போயிற்று. பட்டினி லயத்துக்கு வந்தது. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவளுக்குக் கிட்டியதே 1984இல்தான்.

அரசு அவளைக் காத்த விதம் யாது? 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல், தவறணையில் பெண்ணுக்கு மது விற்கலாகாது என்றது. மதுவரி ஆணையாளரின் அனுமதியின்றி மது உற்பத்தியிலோ விற்பனையிலோ பெண்ணை வேலைக்கமர்த்தலாகாது என்றது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர இத்தடைகளை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அம்முடிவை மாற்றுவித்தார். பெண்கள் சிலர் உயர் நீதிமன்றத்தை நாடினர்.

நாம் மதுவுக்காக வாதாடவில்லை. பெண்ணுக்குக் கதவடைத்த சட்டம், அவள் சம்பளம் அக்கதவினுள் நுழைவதைத் தடுத்ததா? அதில் வரி பெற அரசுதான் கூசியதா? தவறணை வேண்டுமா என்று தீர்ப்பதிலும், அத்தொழிலில் சேர்வதா என்று தெரிவதிலும் அவள் குரல் ஒலித்தல் வேண்டும். அவளைக் கேளாது விதிக்கும் தடை காப்பன்று, காவலே.