மீன் எண்ணெயும் பேறுகாலமும்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை வளர்த்தெடுக்கத் தாய்மார் படும் பாட்டை நாம் அறிவோம். அதைத் தடுக்க மீன் உதவுமா என்று அறிஞர்கள் ஆராய்ந்த வரலாற்றை இன்று காண்போம்.

கொழுப்பு என்பது உடலுக்குச் சூடும் சக்தியும் தரும் பொருள், அவ்வளவுதான் என்றே முன்பு எண்ணியிருந்தார்கள். 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்து எலிகளை வளர்த்தனர். வைட்டமின்களுக்குக் குறைவில்லை. ஆயினும் எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வால் புண்ணாயிற்று, பெண் எலிகளின் கருமுட்டை உண்டாகும் ஒழுங்கும் கெட்டது. உடல் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத கொழுப்பு அமிலங்களும் உண்டு என்பது இவ்வாறு புலனாயிற்று. ஒமேகா-3 என்று நாம் கேள்விப்படுவது அந்த இனத்தைச் சேர்ந்ததே. கடல் மீனில் இது மிகுதி.

இனி, ஸ்காட்லாந்துக்கு வடக்கே அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளுக்குச் செல்வோம். அங்குள்ளோர் மீனும் திமிங்கில இறைச்சியும் நிறைய உண்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் டென்மார்க் பிள்ளைகளைவிட எடை கூடிப் பிறப்பதை ஓல்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் கவனித்தனர். பேறுவலியைத் தூண்டும் பொருள்களை மீன் கொழுப்பு மட்டுப்படுத்துகிறது, அதனால் பிள்ளை வயிற்றில் சில நாள் கூடுதலாகத் தங்குகிறது என்பது 1986-இல் அவர்கள் வெளியிட்ட கருத்து.

கருத்து மட்டும் போதுமா? டென்மார்க்கில் 30-ஆவது வாரத்தில் இருந்த 533 கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்கு மீன் எண்ணெயும், மற்றொரு பகுதியினருக்கு ஆலிவ் எண்ணெயும் கொடுத்தார்கள்; எஞ்சியோருக்கு ஒன்றும் இல்லை. 1992-இல் முடிவு வந்தது. மீன் எண்ணெய் உண்டவர்களுக்கு, ஆலிவ் எண்ணெய் உண்டவர்களைவிடச் சராசரியாக 4 நாள் தாமதமாகவே பேறு நிகழ்ந்தது. நான்கு நாள்தானே என்று நினைக்கவேண்டாம். 2018-இல் 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 34 வாரத்திற்கு முன் பிறந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கு 46-இலிருந்து 27-ஆகக் குறைந்திருந்தனர்.

ஆனால் 2019-இல் ஆஸ்திரேலியாவில் 5,500-க்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த ஆய்வில் இந்த நன்மை தென்படவில்லை. உடலில் ஒமேகா-3 குறைந்திருந்தவர்களுக்கே அது பயன்பட்டது, போதிய அளவு இருந்தவர்களுக்கு மேலும் கொடுத்துப் பயனில்லை என்று பின்னர் விளங்கியது. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து மாத்திரை வாங்குமுன், கிளினிக்கில் தாதியைக் கேட்பது நல்லது.

நம் வீட்டுச் சட்டிக்கு வருவோம். கெம்போங், சார்டின் ஆகிய சிறு மீன்களில் ஒமேகா-3 நிறைய உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று நம் பாட்டிமார் ஆசையாகக் கிண்டிக் கொடுக்கும் சுறாப்புட்டின் கதை வேறு. சுறா பல மீன்களைத் தின்று நெடுநாள் வாழ்வதால் அதன் இறைச்சியில் பாதரசம் சேர்கிறது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் அதைத் தவிர்க்கவேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லி, அதே மசாலையில் கெம்போங் மீனைச் சமைத்துத் தரச் சொல்லலாம்.