வன்னிச் சிறு பாடசாலைகளில் உதைபந்தாட்டம்

நெல்லும் நீரும் காடும் நிறைந்தது வன்னி நாடு. அதன் குளங்களைப் பற்றி எழுதினோர் பலர். கோயில்களைப் பற்றி எழுதினோரும் பலர். ஆனால், குளக்கட்டின் கீழே, அறுவடை முடிந்த வயலிலே, வெறுங்காலோடு பந்துதைத்த பிள்ளைகளைப் பற்றி எழுதினோர் மிகச் சிலர். பெருங் கல்லூரிகளின் வெற்றிகளைக் கூறப் பத்திரிகைகள் உண்டு. நூறு, நூற்றைம்பது பிள்ளைகள் மாத்திரம் படிக்கும் சிறு பாடசாலைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகையால் இம்மலரிலே அவற்றின் உதைபந்தாட்ட வரலாற்றைச் சிறிது கூறத் துணிந்தோம்.

பந்து வந்த வழி

உதைபந்தாட்டம் பல நாடுகளிலே பல வடிவங்களில் ஆடப்பட்ட பழைய விளையாட்டேயாயினும், அதற்கு இன்றுள்ள விதிகள் 1863 ஆம் ஆண்டு இலண்டன் நகரிலே கூடிய சங்கத்தாரால் முதன்முதல் வகுக்கப்பட்டன. ஆங்கிலேயர் சென்றவிடமெல்லாம் அப்பந்தும் சென்றது. போர்வீரர் பாசறையிலே ஆடினர். பாதிரிமார் பாடசாலையிலே ஆடுவித்தனர்.

யாழ்ப்பாணத்திற்கு அமெரிக்க மிஷனரிமார் வந்தது 1816 இல். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தோன்றியது. வெஸ்லியன் சபையாரும் கத்தோலிக்கரும் அங்கிலிக்கன் சபையாரும் தத்தம் கல்லூரிகளை நிறுவினர். பின்னாளில் அக்கல்லூரிகளின் முற்றங்களிலேதான் தேகாப்பியாசமும் பந்தாட்டமும் கல்வியின் ஓர் அங்கமாக எம்மவருக்கு அறிமுகமாயின.

இவ்விடத்திலே ஒன்றைக் கூறுதல் பொருத்தமாகும். நாமும் ஒரு பழைய மிஷன் பாடசாலையிற் பயின்றவர்களே. இந்து வாலிபர் மலரிலே மிஷன் பாடசாலையின் நன்மையைப் பேசலாமோ என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. நாவலர் பெருமான் தாமும் வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றியவர். அங்கே கண்ட நல்ல முறைகளைக் கைக்கொண்டே 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1910 இல் பாவலர் துரையப்பாபிள்ளை அவர்களின் முயற்சியால் தெல்லிப்பழையில் மகாஜனக் கல்லூரியும் எழுந்தன. அவை பந்தையும் தமதாக்கிக் கொண்டன. வந்த பொருள் அந்நியருடையது. ஆடிய கால்கள் எம்முடையவை.

வெறுங்கால் என்பதும் இகழ்ச்சிக்குரியதன்று. 1911 ஆம் ஆண்டு யூலை 29 ஆந் திகதி கல்கத்தாவிலே மோகன் பகான் கழகத்தினர் கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவினரை 2 - 1 என வென்று கேடயம் பெற்றபோது, அவர்களுள் ஒருவரைத் தவிர ஏனையோர் யாவரும் சப்பாத்தின்றியே ஆடினர். 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிலும் இந்திய வீரருட் பலர் வெறுங்காலுடனேயே பிரான்சை எதிர்த்து 1 - 2 என மயிரிழையிலே தோற்றனர். இலங்கையின் உதைபந்தாட்டச் சங்கம் 1939 இல் அமைந்து, 1952 இல் உலகச் சங்கத்திலே அங்கத்துவம் பெற்றது.

வன்னியிற் பரவிய கதை

கிளிநொச்சி இன்றுள்ள நகரமாக உருப்பெறத் தொடங்கியது 1936 இல். யாழ்ப்பாணத்து மக்கள் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிப்பதற்காக இரணைமடுக் குளத்தை அண்டிக் குடியேற்றம் அமைக்கப்பட்டது. காடு வெட்டியவர் முதலிற் குடிசை கட்டினர். அடுத்துப் பிள்ளையாருக்கு ஒரு கொட்டில் போட்டனர். அதற்கடுத்துப் பள்ளிக்கூடம் கேட்டனர். 1923 இல் சு. இராசரத்தினம் அவர்கள் முன்னின்று அமைத்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் நாட்டுப்புறங்களிலே பாடசாலைகளைப் பெருக்கியது. 1945 இல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிஷன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் பெரும்பாலும் அரசாங்கத்தின் வசமாயின.

1960 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே படித்த வாலிபர் திட்டங்கள் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் ஆரம்பமாயின. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிலே பந்தாடிப் பழகிய இளைஞர் கையிலே மண்வெட்டியோடு வந்தனர். பந்தும் கூடவே வந்தது. 1970 ஆம் ஆண்டின் பின் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போயின. அக்காசிலே வீடுகள் கல்வீடாயின. வாசிகசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் தழைத்தன. 1958 இலும் 1977 இலும் இனக்கலவரங்களால் வீடிழந்து வந்த மக்களுக்கும், மலையகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் வன்னியே புகலிடமாயிற்று. ஒரூரவர், மற்றோரூரவர் என்ற வேற்றுமை வகுப்பறையிலே மறையச் சில காலம் சென்றிருக்கலாம். பந்தடிக்கும் வெளியிலே அது மறைய ஒரு மாலைப்பொழுதே போதும்.

முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாயின. எனினும் எமது சிறு பாடசாலைகள் தலைநிமிர்வதற்கு முன்பே யுத்தம் வந்துவிட்டது.

இடம்பெயர்ந்த பந்து

1990 இன் பின் பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் சீமெந்தும் மின்கலமும் கிடைத்தல் அரிதாயின. 1995 ஆம் ஆண்டு இறுதியிலே யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் வன்னிக்கு வந்தனர். மரநிழல்களிலே வகுப்புகள் நடந்தன. 1996 இலே கிளிநொச்சி மக்களும் இடம்பெயர்ந்தனர். 2002 பெப்ரவரி 22 ஆந் திகதி ஒப்பந்தம் சிறிது மூச்சுவிட இடந் தந்தது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தை அழித்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் துயரத்தை இங்கே விரித்தெழுத மனம் வரவில்லை. அன்று பந்தாடிய பிள்ளைகளுள் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை ஊர்தோறும் தாய்மாரே அறிவர்.

அப்பொழுது எமக்கு ஆறு வயது. செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிலே கூடாரங்களுக்கு நடுவேயிருந்த செம்மண் ஒழுங்கையிலே, பொலித்தீன் பைகளைச் சுருட்டி, கந்தற் சீலையால் மூடி, கயிற்றால் வரிந்து ஒரு பந்து செய்தார்கள் பெரிய அண்ணன்மார். அது துள்ளாது, உதைத்தால் நேரே போகாது. ஆனாலும் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெரியவர்களும் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நாம் கண்ட முதலாவது உதைபந்தாட்டம் அதுவே.

மீள்குடியேறியபோது பாடசாலைகளுக்குக் கூரையில்லை. மிதிவெடி அகற்றுவோர் கம்பு நட்டுக் கயிறு கட்டிய இடங்களுக்குள் பந்து போனால் எடுக்கப் போகக்கூடாது என்பதே எமது ஆட்டத்தின் முதல் விதி.

கணக்கு ஒவ்வாத கதை

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். தரம் 1 முதல் 11 வரை 132 பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையை எடுத்துக் கொள்வோம். வகுப்புக்குப் பன்னிருவர், அவருட் பாதி ஆண்பிள்ளைகள் என்றால் வகுப்புக்கு அறுவர். மேல் மூன்று வகுப்புகளிலும் பதினெண்மர். அவர்களுள் இருவர் நோயாளிகள். மூவர் மாலையில் தனியார் வகுப்புக்குப் போவோர். இருவர் தந்தையில்லாமையால் வயலுக்கும் மாட்டுக்கும் போவோர். எஞ்சியோர் பதினொருவர். ஒருவருக்குக் காலிலே முள் குத்தினால் அணி இல்லை. இது நாம் கற்பித்துக் கூறும் கணக்கே. ஆயினும் வன்னியின் எந்தச் சிறு பாடசாலை அதிபரும் இதைத் தம் பாடசாலைக் கணக்கென்றே நினைப்பார்.

இவற்றோடு உடற்கல்வி ஆசிரியர் இன்மையும் சேரும். மென்பந்துத் துடுப்பாட்டத்திற்கு ஐந்து பேர் போதும், உதைபந்தாட்டத்திற்குப் போதாது. 2020 இலும் 2021 இலும் தொற்றுநோயால் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே பந்தும் சப்பாத்தும் ஏழைகளுக்கு எட்டாத விலையாயின. 2023 சனவரியிலே உலகச் சங்கம் இலங்கைச் சங்கத்தையே இடைநிறுத்தியது. அத்தடை அவ்வாண்டு ஓகத்திலேயே நீங்கியது. மேலே கதவு மூடப்பட்டால் கீழே இருட்டு எவ்வளவாயிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக் கொள்க.

எமது அனுபவம் ஒன்று. 2018 இலே வலயப் போட்டிக்கு எமது பாடசாலை ஒன்பது பேருடன் சென்றது. உழவு இயந்திரப் பெட்டியிலே ஏறிப் போனோம். பயிற்றுவித்தவர் கணித ஆசிரியர். இடைவேளை வரை ஒரு கோல் மாத்திரமே வாங்கினோம், முடிவிலே ஐந்து. எம்முள் நால்வருக்குச் சப்பாத்து இல்லை. இடைவேளையிலே எதிரணியின் மாற்று வீரர் தாமாகவே தமது சப்பாத்துகளைக் கழற்றித் தந்தனர். அளவு பெரிது; உள்ளே கடதாசி செருகி ஆடினோம். தோல்வி மறந்துவிட்டது, அச்சப்பாத்து மறக்கவில்லை.

சென்ற விடுமுறையிலே ஊருக்குச் சென்றபோது பக்கத்துச் சிறு பாடசாலை மைதானத்தைப் பார்த்தோம். கோல் கம்பத்திலே ஆடு கட்டியிருந்தது. அவ்வாண்டு அங்கிருந்து அணி போகவில்லை. எட்டாந் தரத்துச் சிறுவன் ஒருவன் எம்மிடம் வந்து, “அண்ணை, ஏழு பேரோட போனாலும் விளையாட விடுவினமோ?” என்று கேட்டான்.

செய்யத்தக்கவை

அச்சிறுவனுக்கு விதி தெரியாது. ஆனால் விதி அவன் பக்கமே இருக்கிறது. ஓர் அணியிலே எழுவர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பதே உதைபந்தாட்டச் சட்டம். அந்த எழுவரையும் நாலு மாதம் தொடர்ந்து ஆட வைப்பதுதான் எமது கடன்.

முதலாவது, அயலிலுள்ள இரண்டு மூன்று சிறு பாடசாலைகள் சேர்ந்து ஓர் அணியாகப் போட்டியிட அனுமதிக்குமாறு கல்வி அதிகாரிகளிடம் நாம் விண்ணப்பித்தல் வேண்டும். பாடசாலையின் பெயர் மறைந்துவிடும் என்று சிலர் கூறுவர். அணியே இல்லாதவிடத்து எந்தப் பெயர் விளங்கப் போகிறது? இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதலாம்.

இரண்டாவது, எமது சங்கமே ஆண்டுதோறும் சிறு பாடசாலைகளுக்கென எழுவர் ஆட்டப் போட்டி நடத்தலாம். பாதி மைதானம் போதும். பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனியிலே நடத்தினால் பிள்ளைகளும் வருவர்; பார்க்கப் பெற்றாரும் வருவர்.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தில் உள்ள எம்போன்றோர் விடுமுறையில் ஊருக்குப் போய்ச் சும்மா இருத்தல் தகாது. வாரம் இரண்டு மாலை பிள்ளைகளுக்குப் பந்து பழக்கினாற் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கால் பெருத்ததால் ஒதுக்கிய சப்பாத்துகளைத் திரட்டிக் கொடுத்தலும் நன்று.

நான்காவது, பெண்பிள்ளைகளை மறத்தலாகாது. மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கை மட்டத்திலே பெற்ற வெற்றிகள் யாவரும் அறிந்தவை. வன்னிப் பெண்பிள்ளைகளுக்குக் காலில் வலு இல்லையா? இடம் கொடுக்கத்தான் எமக்கு மனம் வேண்டும்.

பெரியோர்களே, பரீட்சை முக்கியம் என்பதை நாம் மறுக்கவில்லை. அதனாலேயே நாமும் பல்கலைக்கழகம் வந்தோம். ஆயினும் வாரத்தில் இரு மாலைப் பொழுதைப் பந்துக்கு விட்டுக் கொடுங்கள். இடப்பெயர்விலே எத்தனையோ சொத்துகளை விட்டுவிட்டு வந்தோம். கந்தற் சீலையிற் கட்டிய பந்தை மாத்திரம் பிள்ளைகள் விடவில்லை. யுத்தத்தாலும் அழியாத அதனை எமது அசட்டையால் அழிய விடுவது பெரும் பிழையாகும்.

வரும் மாசியிலே எமது சங்கத்தின் போட்டி நடைபெறுமாயின், ஏழு பேரோடு வரும் அச்சிறுவனின் அணியை முதலாவதாகப் பதிந்து கொள்வோம். ஆட்டை அவிழ்த்து வேறிடத்திற் கட்டும்படி ஊராரையும் கேட்டுக் கொள்வோம்.