அண்ணனின் லேப்டாப்பும் ஒரு பூட்டின் வரலாறும்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு படியுங்கள். "டீச்சருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிக்காதீர்கள். ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்திப் பழகியவளுக்கு எதைப் பார்த்தாலும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

என் பெரியண்ணன் தவறியது உறவுகள் எல்லோருக்கும் தெரியும். கடைசி மூன்று வருடமாக அவர் நம் குடும்ப வரலாற்றை லேப்டாப்பில் எழுதிக்கொண்டிருந்தார். தாத்தா ஊரை விட்டுக் கிளம்பியது, நிலம் கைமாறியது, யார் யாருக்குப் பங்காளி என்பதெல்லாம் பெரியவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதியது. அவருக்குச் சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அண்ணி லேப்டாப்பைத் திறந்தார். கறுப்புத் திரை, நடுவில் ஒரு சின்னக் கட்டம். விண்டோஸ் வருவதற்கு முன்பே பாஸ்வேர்டு கேட்டது.

அண்ணியின் பெயர், பிள்ளைகளின் பிறந்த தேதி, குலதெய்வத்தின் பெயர், பழைய ஸ்கூட்டர் நம்பர் என்று எல்லாம் போட்டுப் பார்த்தோம். மூன்று முறை தப்பானால் அப்படியே நின்றுவிடும். மறுபடி அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறான். அவனிடம் கொண்டுபோனேன். பார்த்த உடனே, "டீச்சர், இது விண்டோஸ் பாஸ்வேர்டு இல்லை, பயாஸ் பாஸ்வேர்டு. ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்றான். அந்த இரண்டு நாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிவு.

முதலில் பயாஸ் என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் வருவதற்கு முன்பே ஒருவர் வந்து கேட்டைத் திறந்து, மணி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, பிறகு ஆபீஸ் அறைச் சாவியைக் கொடுப்பார் இல்லையா? கணினிக்குள் அந்த வேலையைச் செய்கிற சிறு நிரல் அது. மதர்போர்டில் ஒரு சிப்பில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுந்து, கீபோர்டு, நினைவகம், ஹார்டு டிஸ்க் எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு விண்டோஸை எழுப்பும். அந்தப் பெயரை 1970களில் வைத்தவர் கேரி கில்டால் என்ற அமெரிக்கர்.

பாஸ்வேர்டு அதைவிட மூத்தது. 1961-இல் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்) ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ குழு உருவாக்கியது. ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்று ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். அடுத்த வருடமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்பதற்காக, எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பைக் கணினியையே அச்சடித்துத் தர வைத்தார்! சுமார் 25 வருடம் கழித்துத்தான் அதை ஒப்புக்கொண்டார். வகுப்பில் இப்படி இரண்டு பேரை எனக்கும் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

1981-இல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் இப்படி ஒரு காவலே கிடையாது. ஒருவர் மேசையில் ஒருவருக்கான இயந்திரம், இதற்கு எதற்குப் பூட்டு என்று நினைத்திருப்பார்கள் போல. 1984-இல் வந்த ஏ.டி. மாடலில் ஒரு பூட்டு வைத்தார்கள், ஆனால் அது நிஜப் பூட்டு. முன்பக்கம் சாவித் துவாரம். பூட்டினால் கீபோர்டு வேலை செய்யாது, மூடியையும் கழற்ற முடியாது. பீரோவுக்குப் போடுகிற மாதிரிதான்.

அதே 1984 மாடலில்தான் இன்னொன்றும் வந்தது. மின்சாரம் போனாலும் தேதி, நேரம், அமைப்புகள் மறக்காமல் இருக்க, பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன நினைவகம் வைத்தார்கள். மொத்தம் 64 பைட். நான் இந்த ஒரு வரியில் எழுதியிருக்கும் எழுத்துகள்கூட அதற்குள் அடங்காது. 1987-இல் பி.எஸ்./2 கணினிகள் வந்தபோது ஐ.பி.எம். பாஸ்வேர்டையும் இந்த மாதிரி பேட்டரி நினைவகத்தில் வைத்தது. சுவிட்ச் போட்டதும் கேட்கும், சொன்னால்தான் மேலே நகரும். சாவித் துவாரத்தின் இடத்துக்கு ஒரு சொல் வந்தது இப்படித்தான்.

ஆனால் பேட்டரியில் இருக்கும் நினைவு பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் அல்லவா? மூடியைத் திறந்து, பொட்டு மாதிரி இருக்கும் அந்த பேட்டரியை எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் பல கணினிகளில் பாஸ்வேர்டு மறைந்துவிடும். இதற்கென்றே மதர்போர்டில் ஜம்பர் என்று இரண்டு முள்ளும் வைத்திருந்தார்கள். போதாததற்கு, 1990களில் சில பயாஸ் நிறுவனங்கள் தாங்களே ஒரு பொதுச் சொல்லை உள்ளே வைத்திருந்தன. எந்தக் கணினியிலும் அதைப் போட்டால் திறக்கும். ரிப்பேர்காரர்களின் வசதிக்கு வைத்தது, ஊரெல்லாம் பரவிவிட்டது. வாசலில் பெரிய பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை மாடக்குழியில் வைத்த கதை.

மேசைக் கணினி வரை இது பெரிய குறை இல்லை. மூடியைக் கழற்றிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஆபீஸில் யாராவது கேட்பார்கள். லேப்டாப் வந்ததும் நிலைமை மாறியது. ரயிலில், விமான நிலையத்தில் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம், வீட்டில் வைத்து நிதானமாகக் கழற்றலாம். 1992-இல் ஐ.பி.எம். திங்க்பேட் தொடங்கியது. அந்த வரிசையில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு என்பதைத் தனி சிப்பில் வைத்தார்கள். அந்த சிப்புக்கு பேட்டரி தேவையில்லை, மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் மறக்காது. இந்த பாஸ்வேர்டை மறந்தால் தங்களாலும் நீக்க முடியாது, மதர்போர்டையே மாற்ற வேண்டும், வாங்கிய ரசீதும் கட்டணமும் வேண்டும் என்று பிறகு அதே திங்க்பேடைத் தயாரித்த லெனோவோ தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

வேறு சில லேப்டாப்களில் மூன்று முறை தப்பாகப் போட்டால் திரையில் ஒரு எண் வரும். அதை நிறுவனத்திடம் சொன்னால் அதற்கான திறப்புச் சொல்லைக் கணக்கிட்டுத் தருவார்கள். அந்தக் கணக்கையும் சில கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சூப்பர்வைசர் பாஸ்வேர்டு எதற்கு என்று நானும் குழம்பினேன். பையன்தான் விளக்கினான். சுவிட்ச் போட்டதும் கேட்பது வீட்டு வாசல் பூட்டு. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு பயாஸின் அமைப்புகளைக் காப்பது. அது இல்லையென்றால், யாராவது பென் டிரைவைச் செருகி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் அதிலிருந்து கணினியை எழுப்பச் சொல்லிவிட்டு, விண்டோஸ் பாஸ்வேர்டைத் தொடாமலே உள்ளே இருப்பதையெல்லாம் படிக்கலாம்.

சரி, அண்ணன் லேப்டாப்புக்கு வருவோம். பையன் பேட்டரியைக் கழற்றி ஒரு இரவு முழுக்க வைத்துப் பார்த்திருக்கிறான். மறக்கவில்லை. மறுநாள் நான் போனபோது நாலைந்து திருகைக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கை மட்டும் வெளியே எடுத்து, ஒரு டப்பாவில் போட்டுத் தன் கம்ப்யூட்டரில் செருகினான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "டீச்சர், இதுவா பாருங்க" என்றான். 'நம் குடும்பம்' என்று பெயர் போட்ட கோப்பு. அண்ணன் எழுத்து. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

கொஞ்சம் தெளிந்து பார்த்தால், அதே திரையில் அண்ணியின் பாஸ்புக் நகல், இருவர் ஆதார், பென்ஷன் ஆர்டர் எல்லாம் வரிசையாகத் தெரிகிறது. மனைவி, பிள்ளைகள், தங்கை என்று நாங்கள் இத்தனை பேர் மாதக்கணக்கில் உள்ளே போக முடியாமல் தவித்தோம். ஒரு திருடனுக்கு அதே ஸ்க்ரூ டிரைவர் போதும். பயாஸ் பூட்டு காத்தது இயந்திரத்தை. உள்ளே இருந்த எழுத்தை அது தொடவே இல்லை.

இது உலகத்துக்கே தெரிந்த குறைதான். 1997-இல் வந்த ஏ.டி.ஏ.-3 என்ற தரத்தில் ஹார்டு டிஸ்க்குக்கே தனிப் பூட்டு போடும் வசதி வந்தது. அந்த டிஸ்க்கை எந்தக் கணினியில் செருகினாலும் பாஸ்வேர்டு சொல்லாமல் ஒரு எழுத்தும் தராது. அண்ணன் அதைப் போட்டிருந்தால் எங்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது. அதிலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும், கதவு மட்டும்தான் சாத்தியிருக்கும். எழுத்தையே குலைத்து வைப்பது, அதாவது மறையாக்கம், பிட்லாக்கர் என்ற பெயரில் 2007-இல் விஸ்டாவின் சில பதிப்புகளோடு வந்தது.

அதற்கு முந்தைய வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2006 மே மாதம் அமெரிக்காவின் மேரிலாந்தில், முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவர் வீட்டில் திருடர்கள் புகுந்து ஒரு லேப்டாப்பையும் வெளி ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துப் போனார்கள். அதில் சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண். மறையாக்கம் எதுவும் இல்லை. அடுத்த மாதம் கிடைத்துவிட்டது, யாரும் திறந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். ஆனாலும் படைவீரர்கள் தொடுத்த வழக்கை முடிக்க 2009-இல் அந்த அரசு 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

இன்று பழைய பயாஸின் இடத்தில் யூ.இ.எஃப்.ஐ. என்பது வந்துவிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2020 முதல் தன் சொந்த சிப் போட்ட மேக்குகளில் இந்த வகை பாஸ்வேர்டையே விட்டுவிட்டு, டிஸ்க்கை மறையாக்கம் செய்யச் சொல்கிறது. எனக்கு அது சரியென்றுதான் படுகிறது. ஆனால் மறையாக்கம் செய்த டிஸ்க்கின் சாவி தொலைந்தால், எந்த மாணவனாலும் எனக்கு உதவ முடியாது.

அண்ணிக்குப் புது லேப்டாப் வாங்கியபோது இரண்டையும் போடச் சொன்னோம். "என்ன பாஸ்வேர்டு வைக்கலாம் டீச்சர்?" என்று பையன் கேட்டான். அண்ணி எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானே போட்டுக்கொண்டார். அதையும் மறையாக்கத்தின் மீட்புச் சாவியையும் ஒரு தாளில் எழுதி, நகைச் சீட்டோடு லாக்கரில் வைத்திருக்கிறார். மகளுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்.

கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள், மேலே பிழை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், திருத்திவிடுகிறேன். உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணன் எழுதியது பெரிய அத்தை கல்யாணத்தோடு நிற்கிறது. வருடம் போடாமல் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறார். 1951-ஆ, 1952-ஆ? பத்திரிகை யார் வீட்டிலாவது இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.