கணப்பும் அடுப்பும்: வலப்பனை மலைப்புறத்தில் வீட்டு வெப்பத்தின் வரலாறு

தமிழர் வாழ்வியலை ஆராய்ந்தோர் வெயிலையும் நிழலையும் மழையையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். குளிரைத் தமிழர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. பழந்தமிழ்ப் புலவர்கள் இதனை மறந்தாரல்லர். நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்க்காலத்தின் இரு காட்சிகளை நம் முன் நிறுத்துகிறார். நகரத்து வளமனைகளில் வாழ்வோர் குளிர்நீரை வெறுத்து, அகன்ற வாயுடைய தடவிலே இட்ட நெருப்பின் வெம்மையை நுகர்கின்றனர். நகர்ப்புறத்தே, ஆநிரை காக்கும் கோவலர் கொள்ளியைக் கையில் ஏந்தியும் நடுக்கம் தீராது நிற்கின்றனர். குளிர் யாவர்க்கும் பொது. அதனைத் தணிக்கும் வெப்பம் பொதுவன்று என்பது இவ்விரு காட்சிகளாலும் புலனாகும். இவ்வுண்மை மிகத் தெளிவாகப் பதிந்து கிடக்கும் பிற்காலக் களங்களுள் ஒன்று இலங்கையின் மலையகமாகும். அதன் ஒரு பகுதியாகிய வலப்பனைப் பிரிவை மையமாகக் கொண்டு, வீட்டு வெப்பத்தின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

வலப்பனை, நுவரெலியா மாவட்டத்தின் கிழக்குப் புறத்தே அமைந்தது. மகாவலிப் பள்ளத்தாக்கை நோக்கிச் சரியும் அதன் தாழ்ந்த பகுதிகளில் நெல்வயல்களும் பழைய சிங்களக் கிராமங்களும் உள்ளன. மேலே ஏற ஏற இராகலை, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட் ஆகிய தேயிலைப் பகுதிகள் விரிகின்றன. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியசு குறையும் என்பது வானிலையாளர் கூறும் பொதுவிதி. ஆகவே ஒரே பிரிவுக்குள், கீழே வியர்வையும் மேலே நடுக்கமும் ஒரே நாளிற் காணப்படுகின்றன. அண்மையிலுள்ள நுவரெலியா நகர் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவினது. தை, மாசி மாதங்களின் சில விடியல்களில் அங்கே உறைபனியும் படிவதுண்டு.

இக்குளிரைத் தேடி வந்தோரே முதலில் இம்மலைகளில் கணப்பைக் கட்டினர். 1819 இல் மருத்துவர் ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளியைக் கண்டு எழுதினார். 1820களின் பிற்பகுதியில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் அங்கே தமக்கொரு மாளிகை அமைத்தார். 1848 இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து உழவரையும் கால்நடைகளையும் கருவிகளையும் கொணர்ந்து ஒரு குடியேற்றத்தையே நிறுவ முயன்றார். இவர்களுக்கு இங்குள்ள குளிர் நோயன்று, தாயகத்தின் நினைவு. பின்னர் எழுந்த துரை பங்களாக்களிலும் இந்நினைவே கல்லாகவும் செங்கல்லாகவும் உருப்பெற்றது. கூடத்தில் ஒரு கணப்பு, படுக்கையறையில் ஒரு கணப்பு, கூரைக்கு மேலே புகைபோக்கி, விறகு அடுக்கவும் நெருப்பு மூட்டவும் ஏவலாளர் என அவ்வொழுங்கு அமைந்தது.

பொறியியல் நோக்கிற் பார்த்தால் திறந்த கணப்பு சிக்கனமான கருவியன்று. எரியும் விறகின் வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குச் செல்கிறது. அறையின் சூடான காற்றையும் அது தன்னோடு இழுத்துச் செல்கிறது. எனினும் அது ஒன்றை உறுதியாகச் செய்தது: புகையை வீட்டுக்கு வெளியே அனுப்பியது. விறகும் அதனைச் சுமக்கும் கையும் மலிவாகக் கிடைத்தமையால் வீணாகும் வெப்பத்தைப் பற்றி எவரும் கவலைகொள்ளவில்லை.

தோட்டத்தில் மனிதருக்கு அடுத்ததாகவன்றி, மனிதருக்கும் மேலாக வெப்பத்தை வேண்டி நின்றது கொழுந்து. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைநாடு முழுவதும் தேயிலை நாடாயிற்று. பறித்த கொழுந்தின் எடையில் முக்காற் பங்குக்கு மேல் நீர். அதனை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, இறுதியில் உலர்த்தி, நூற்றுக்கு மூன்று பங்கு அளவு ஈரமே எஞ்சுமாறு செய்தல் வேண்டும். மழையும் மூடுபனியும் நிறைந்த மலையில் இது இயற்கைக் காற்றால் எப்போதும் கைகூடுவதன்று.

ஆகவே பொறி வந்தது. பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் என்பார் தாம் ஆக்கிய உலர்த்தும் இயந்திரத்துக்கு, சகாராப் பாலையினின்றும் வீசும் வெங்காற்றின் பெயரால் 'சிரொக்கோ' எனப் பெயரிட்டார். 1881 இல் அவர் நிறுவிய தொழிற்சாலையின் இயந்திரங்கள் இலங்கைத் தோட்டங்கள் பலவற்றுக்கு வந்து சேர்ந்தன. கீழே உலை, அதனைச் சூழ்ந்து சூடேறும் காற்று, அக்காற்றை ஏறத்தாழ தொண்ணூறு பாகை வெப்பத்தில் தேயிலையினூடு செலுத்தும் விசிறி. எஞ்சிய இளஞ்சூட்டுக் காற்றைக் கொழுந்து வாட்டும் மேல்மாடிகளுக்குக் கொண்டுசெல்லும் வழிகளும் அமைந்தன. காற்றின் ஈரத்தை அளக்க ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் சுவரில் தொங்கின. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய நுட்பங்களை முறைப்படி ஆராய்ந்தது.

இவ்வமைப்பை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஓரிடத்தில் வெப்பத்தை உண்டாக்கி, வேண்டிய அறைகளுக்கெல்லாம் அதனை அளந்து அனுப்புதலே மைய வெப்பமூட்டல் எனப்படும். மேலைநாட்டு வீடுகளில் இன்றியமையாததாகக் கருதப்படும் அம்முறை, நம் மலைகளுக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது. அது வந்து சேர்ந்த கட்டடம் தொழிற்சாலை. அதன் பயனைப் பெற்றது இலை. அவ்விலையைப் பறித்தவர் மாலையில் திரும்பிச் சென்ற இடமோ லயம்.

லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. முன்னே இஸ்தோப்பு; மேலே தகரக் கூரை. தகரம் பகலில் விரைந்து சூடேறும். தெளிந்த இரவில் அவ்விரைவிலேயே தன் வெப்பத்தை வானுக்கு இழக்கும். விடியலில் அதன் உட்புறத்தே நீர் கோத்துச் சொட்டுவதும் உண்டு. இக்காம்பராவில் வெப்பம் தரக்கூடியது ஒன்றே: சோறு சமைக்கும் அடுப்பு. கவ்வாத்துக்குப் பின் கிடைக்கும் மிலாறும் சவுக்கு மரத்தின் சுள்ளியும் அதற்கு விறகாயின. ஈரக் கம்பளி உலர்ந்ததும், பிள்ளைகள் கைகாய்ந்ததும், முதியோர் சுருண்டு படுத்ததும் அவ்வடுப்பின் அருகிலேயே. அதற்குப் புகைபோக்கி பெரும்பாலும் இல்லை.

இங்கே ஓர் இயற்பியற் சிக்கல் உண்டு. சுவருக்கும் கூரைக்கும் இடையேயுள்ள இடைவெளியை அடைத்தால் குளிர் குறையும், புகை பெருகும். திறந்து வைத்தால் புகை குறையும். சூடும் உடன் போய்விடும். கணப்புக்குப் புகைபோக்கி செய்த உதவியை இவ்வடுப்புக்கு எதுவும் செய்யவில்லை. ஆதலின் குளிரையோ புகையையோ தெரிந்துகொள்ளும் கட்டாயம் நாள்தோறும் நேர்ந்தது. அத்தெரிவின் விளைவை மிகுதியாகத் தாங்கியோர் பெண்களும், அவர்தம் முதுகிலும் மடியிலும் இருந்த குழந்தைகளுமே. வீட்டு விறகுப்புகை நெஞ்சு நோய்களுக்கு வழிகோலும் என்பதை இன்று உலகச் சுகாதார நிறுவனம் வற்புறுத்திக் கூறுகின்றது. கரிபடிந்த லயச் சுவர்கள் அதனை முன்னரே கூறிக்கொண்டிருந்தன.

இதற்குத் தீர்வு அறிதற்கரியதன்று. கூரையில் ஒரு துளையும் சில அடி நீளக் குழாயும் போதும். எனினும் அத்துளையை இடும் உரிமை அங்கு வாழ்ந்தோரிடம் இருக்கவில்லை. லயம் தோட்டத்தின் சொத்து. அதில் வசிப்பது வேலையோடு பிணைந்தது. 1948, 1949 ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்கள் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசின் கையில் ஒப்படைத்தது. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும் கூரையின் உடைமை கைமாறியது. கூரையின் கீழ் வாழ்ந்தோரை அது வந்தடையவில்லை. எனவே லயத்தின் குளிரை வறுமையின் விளைவு என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. உடைமையின்மையே அதன் வேர் என்பது எம் துணிபு.

மின்சாரத்தின் கதையும் இதற்கு அரண் செய்கிறது. மலைநாட்டு அருவிகளினின்று மின்னாக்கலாம் என்பதைப் பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் எடுத்துரைத்தார். 1950 இல் இலக்சபானை நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1980களில் கொத்மலை, விக்டோரியா, இரந்தெனிகலை அணைகள் எழுந்தன. நாட்டின் விளக்குகளை ஏற்றிய நீர் இம்மலைகளிலிருந்தே இறங்கியது. பல தோட்டத் தொழிற்சாலைகள் தம் ஓடைகளிலேயே சிறு சுழலிகளை நிறுவியிருந்தன. எனினும் லயங்கள் பல, பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கோடே வாழ்ந்தன.

இப்பின்னணியிலேயே குளிர்நாடுகளில் இன்று பரவிவரும் வெப்பவிசைக் குழாய்ப் பொறியை, அஃதாவது 'ஹீட் பம்ப்' எனப்படுவதை, நாம் மதிப்பிடுதல் வேண்டும். அது வெப்பத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. குளிர்ந்த வெளிக்காற்றிலும் மண்ணிலும் நீரிலும் உள்ள வெப்பத்தைத் திரட்டி வீட்டுக்குள் ஏற்றுகிறது. குளிரூட்டிப் பெட்டி உள்ளிருந்து வெளியே செய்யும் வேலையை இது வெளியிலிருந்து உள்ளே செய்கிறது. 1852 இல் வில்லியம் தொம்சன் இதன் கொள்கையை விளக்கினார். 1938 இல் சூரிச் நகர மண்டபம் ஆற்றுநீரின் வெப்பத்தால் இம்முறையிற் சூடேற்றப்பட்டது. ஓரலகு மின்சாரத்துக்கு மூன்று அல்லது நான்கு அலகு வெப்பம் கிடைப்பதே இதன் சிறப்பு. வெளிக்குளிர் கடுமையாகுந்தோறும் அதன் பயன் குறையும். நோர்வேயிலும் பின்லாந்திலும் உறைபனிக்கு மிகத் தாழ்ந்த குளிரிலும் அது பயன்படுகிறது. அங்கெல்லாம் இயங்கும் பொறிக்கு, அரிதாகவே உறைநிலையைத் தொடும் இராகலைக் குளிர் எளிய பணியே.

ஆயினும் அப்பொறியை ஒரு வீட்டில் அமைப்பதற்கு முன் கணிக்கப்படுவது வீட்டின் வெப்ப இழப்பாகும். கூரையின் கீழ்க் காப்புத்தட்டு உண்டா, கதவும் சாளரமும் இறுக மூடுமா, சுவர் ஈரமற்றதா என்பனவே முதல் வினாக்கள். தகரக் கூரையும் திறந்த இடைவெளியும் உள்ள காம்பராவில் எத்துணைச் சிறந்த பொறியும் மலையைச் சூடேற்ற முயல்வதாகவே முடியும். ஆகவே தொழில்நுட்ப வரிசையிலும் பொறி இறுதியாகவே வருகிறது. முதலில் வருவது நன்கு கட்டிய வீடு. அதற்கும் முன்னே வருவது, அவ்வீட்டைத் திருத்தியமைக்க அதில் வாழ்வோர்க்குள்ள உரிமை.

அண்மைக் காலத்தில் இவ்வரிசை ஓரளவு தொடங்கியுள்ளது. ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் என்ற திட்டத்தில் தனிவீடுகள் எழுந்துள்ளன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இரு பானை ஏற்றக்கூடிய 'அனாகி' மண்ணடுப்பு 1980களிலிருந்து விறகைச் சிக்கனப்படுத்தி வந்துள்ளது. மறுபுறம், 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு அரிதாயிற்று. மின்சாரம் மணிக்கணக்கில் நின்றது. எரிவாயு அடுப்புக்கு மாறியிருந்தோரும் மீண்டும் விறகைத் தேடினர். ஒரே எரிபொருளை, அதிலும் வெளியிலிருந்து வருவதனை, நம்பி வெப்பத்தைத் திட்டமிடலாகாது என்பதனை இந்நிகழ்வு உணர்த்திற்று.

இனிக் கட்டப்படும் மலையக வீடுகளின் வரைபடங்களில் குளிரும் ஒரு கணக்காக இடம்பெறல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபு. கூரையின் கீழே காப்புத்தட்டு, சமையலறைக்குப் புகைபோக்கி, காலை வெயிலை ஏற்கும் சாளரம் ஆகியவை பெருஞ்செலவினவல்ல. உடப்புசல்லாவைத் தேயிலைக்குச் சந்தையில் மதிப்பளிப்பவற்றுள் அங்கு வீசும் குளிர்ந்த வறள்காற்றும் ஒன்று என்பர் தேயிலை வணிகர். அக்காற்றின் பயனை ஏற்றுமதிக் கணக்கு நூற்றாண்டுக்கு மேலாகப் பதிவுசெய்து வருகிறது. அக்காற்றைத் தாங்கியோரின் செலவு இன்னும் எக்கணக்கிலும் முறையாக ஏறவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் போற்றும் நாம், கொழுந்துக்கு வெங்காற்று ஈந்த தொழிற்சாலையின் அடுத்த மேட்டில் ஒரு குடும்பம் எவ்வாறு இரவைக் கழித்தது என்பதனையும் வரலாறாக எழுதுதல் கடனாகும்.