எண் என்னும் பெயர்

1948ஆம் ஆண்டு மலாயாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டதையடுத்து, சிங்கப்பூர்வாசிகளுக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. ஒளிப்படமும் பெருவிரல் ரேகையும் தாங்கிய காகித அட்டை அது. மக்களின் வசதிக்காக அன்று, கிளர்ச்சியாளரைப் பிரித்தறிவதற்காகவே அது பிறந்தது. விடுதலைக்குப் பின், 1966இல் மறுபதிவு நடைபெற்றது. குடிமக்கள் இளஞ்சிவப்பு அட்டையும் நிரந்தரவாசிகள் நீல அட்டையும் பெற்றனர்.

அட்டையைவிட அதிலுள்ள எண்ணே நம் கவனத்திற்குரியது. ஓர் எழுத்து, ஏழு இலக்கங்கள், இறுதியில் மீண்டும் ஓர் எழுத்து. அவ்விறுதி எழுத்து முன்னுள்ள இலக்கங்களைக் கொண்டு கணக்கிடப்படுவது. இலக்கமொன்று பிறழ்ந்தால் காட்டிக்கொடுத்துவிடும். மொழியியல் நோக்கில் இதுவும் ஒரு பெயரே. குடும்பப் பெயர் வழக்கம் தமிழரிடையே பெரும்பாலும் இல்லை. சிராங்கூன் சாலையில் நின்று 'முத்து' என்றழைத்தால் திரும்பிப் பார்ப்போர் ஒருவர் அல்லர். அந்த மயக்கத்தை எண் தீர்த்தது.

மயக்கம் தீர்த்த எண்ணையே பின்னர்த் திறவுகோலாகவும் ஆக்கினர். பிழை அங்கே தொடங்கிற்று. எண்ணைச் சொல்பவரே அதற்கு உரியவர் என்று நம்பும் வழக்கம் நிறுவனங்களில் பரவிற்று. மறுபுறம், கட்டடக் காவலரிடம் அட்டையை ஒப்படைத்து உள்ளே செல்வதும், குலுக்கல் சீட்டில் எண்ணை எழுதிப் பெட்டியில் இடுவதும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. தேக்காவில் நானும் அவ்வாறு எழுதியிருக்கிறேன். பரிசு விழவில்லை, எண் எங்குச் சென்றதோ!

2012இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்புக்கு வந்தன. ஒப்புதலின்றித் தகவலைத் திரட்டலாகாது, சொன்ன நோக்கத்திற்கு அப்பால் பயன்படுத்தலாகாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கலாகாது என்பன அவற்றுள் சில. அரசாங்க அமைப்புகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. அவற்றுக்கு வேறு விதிகள் உண்டு.

சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, அலுவலகத்தில் வாழ்வது வேறு என்பதை 2018 காட்டியது. அவ்வாண்டு ஜூன் 27க்கும் ஜூலை 4க்கும் இடையில், சிங்ஹெல்த் நோயாளிகள் 15 லட்சம் பேரின் பெயர், அடையாள எண், முகவரி முதலியன களவாடப்பட்டன. ஏறத்தாழ 1,60,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் சென்றது. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம். தாக்கியவர்கள் தேர்ந்தவர்களே. ஆயினும் விசாரணைக் குழு கண்டறிந்தவற்றுள் ஒன்று, ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல், கடவுச்சொல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே சற்றுத் திரித்து அமைக்கப்பட்டிருந்தது என்பது. ஐயுற்ற ஊழியர்கள் இருந்தனர்; மேலிடத்துக்குச் செய்தி காலந்தாழ்ந்தே சென்றது. 2019 ஜனவரியில், தகவல் கட்டமைப்பை நடத்திய நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன.

அந்தக் காலந்தாழ்த்தலுக்கு விடையாகவே 2021 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தை நான் காண்கிறேன். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அறிவிக்கத்தக்கது என மதிப்பிட்ட மூன்று நாள்களுக்குள் ஆணையத்திடம் தெரிவித்தாக வேண்டும். அதற்கு முன்பே, 2019 செப்டம்பர் 1 முதல், தக்க காரணமின்றி அடையாள எண்ணைக் கேட்பதும் அட்டையை வாங்கி வைப்பதும் தனியார் நிறுவனங்களுக்குத் தடுக்கப்பட்டிருந்தன. காவலரின் மேசை இழுப்பறை காலியாயிற்று.

பின்னர் 2024 டிசம்பரில், வணிகப் பதிவுக்கான அரசாங்கத் தளமொன்றில் எவரும் பிறருடைய முழு எண்ணைத் தேடிப் பெற முடிந்தது. மக்கள் கலங்கினர், சில நாள்களில் அந்தத் தேடல் நிறுத்தப்பட்டது. அப்போது அரசாங்கம் அளித்த விளக்கம் மொழியியலாருக்குச் சுவையானது: எண் ஒரு பெயர் போன்றது, அதனை மறைபொருளாகக் கருதி அடையாளத்தை மெய்ப்பிக்கப் பயன்படுத்தலாகாது என்றது. கருத்து சரியே; எனினும் முதலில் பூட்டை மாற்றியிருக்க வேண்டும், பிறகே சாவியை வெளியிட்டிருக்க வேண்டும். எண்ணைக் கடவுச்சொல்லாகக் கொள்வதைக் கைவிடுமாறு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தும் கூட்டறிக்கை 2025 ஜூனில் வந்தது.