கடன் தீர்க்கும் காலம்

காஞ்சி மாநகரின் தென்மேற்கே, வேகவதி ஆற்றை அடுத்து அமைந்துள்ள சிற்றூர் திருப்பருத்திக்குன்றம். கோபுரங்களாலும் பட்டுத் தறிகளாலும் உலகப் புகழ் பெற்ற நகரின் அருகிலேயே, சமண காஞ்சி என்னும் பழம்பெயரைத் தாங்கி அது அமைதியாக நிற்கிறது. கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவ மன்னன் சிம்மவர்மன், பருத்திக்குன்றில் வாழ்ந்த வச்சிரநந்தி என்னும் சமணத் துறவிக்கு நிலக்கொடை அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், விஜயநகர அரசின் படைத்தலைவனும் அமைச்சனுமான இருகப்பன், 1382இல் இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலுக்கு ஓர் ஊரையே கொடையாக அளித்தான். 1387இல் தன் குருவாகிய புட்பசேன முனிவரின் சொற்படி சங்கீத மண்டபத்தையும் எழுப்பினான். அம்மண்டபத்தின் கூரை ஓவியங்களைக் காண இன்றும் அறிஞர் வருகின்றனர்.

அக்கோயிலின் குரா மரத்தடியில் முனிவர்களின் நினைவாகப் பீடங்கள் உள்ளன. அம்முனிவர் மரபில் வந்தவர் வாமன முனிவர். மேருமந்தர புராணத்தை இயற்றியவரும் நீலகேசிக்கு உரை கண்டவரும் இவரே என்பர். அவர் எழுதி வைத்த ஏடுகள் பல நூற்றாண்டுகள் சமணக் குடும்பங்களின் வீடுகளில் உறங்கின. அவற்றை அச்சேற்றிய பேராசிரியர் ஒருவரையும், சமண நூல்கள் சிலவற்றை ஏட்டிலிருந்து மீட்ட மற்றொரு பெரியாரையும் ஈண்டு நினைவு கூர்வோம். இருவரும் அரசுக் கல்லூரிகளில் ஊதியம் பெற்றுப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஓய்வுக்குப் பின் உடலில் வலிமையும் உள்ளத்தில் தெளிவும் எஞ்சியிருந்த ஆண்டுகளை அவர்கள் செலவிட்ட முறை, நம் காலத்தவர் சிந்திக்கத்தக்கது.

ஓய்வு வந்த வரலாறு

ஊதியத்தோடு கூடிய ஓய்வு என்பது மனித வரலாற்றில் மிகப் பிந்தியதொரு வழக்கம். ஜெர்மனியில் 1889இல் இயற்றப்பட்ட சட்டமே தொழிலாளர்க்கு முதுமை ஓய்வூதியம் வழங்கிய முன்னோடிச் சட்டங்களுள் தலையாயது. அன்று அதற்குரிய வயது 70; 1916இல்தான் அது 65 ஆகக் குறைந்தது. அந்த வயதை எட்டியவர்கள் சிலரே. நம் நாடு விடுதலை பெற்ற காலத்தில், குழந்தை இறப்பு மிகுந்திருந்த நிலையில், சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்தது. இன்று அது 70ஐ ஒட்டி உள்ளது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அறுபதில் விடைபெறும் ஒருவர்க்குப் பத்துப் பதினைந்து நல்ல ஆண்டுகள் கிடைப்பது இன்று அரிதன்று. நம் பாட்டனார் பலர்க்குக் கிட்டாத இக்கொடையை என் செய்வது என்பதே வினா.

காஞ்சியின் நெசவாளர் இல்லங்களில் இவ்வினா வேறு வடிவில் எழுகிறது. கண்ணும் காலும் தளர்ந்த முதியவர் தறிக்குழியை விட்டு எழுகிறார்; ஆனால் தறியை விட்டு விலகுவதில்லை. ஊடைக்குரிய இழையைத் தாராகச் சுற்றித் தருகிறார். மகனோ மருமகளோ நெய்யும்போது அருகிலிருந்து பிழை காண்கிறார். அதில் வறுமையின் கட்டாயமும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது; எழுபது வயதிலும் கூலிக்காக உழைக்க வேண்டிய நிலை போற்றத்தக்கதன்று. எனினும், வேலையின் தன்மை மாறலாம், வேலையின் உறவு அறுபட வேண்டியதில்லை என்னும் அறிவு அவ்வீடுகளில் வாழ்கிறது.

இவ்வறிவை மறைநூலிலும் காண்கிறோம். திருவிவிலியத்தில் பணி ஓய்வைக் குறித்து வெளிப்படையாகப் பேசும் பகுதி எண்ணிக்கை நூலின் 8ஆம் அதிகாரத்தில் வருகிறது. லேவியர் 25 வயதில் திருக்கூடாரப் பணியில் சேர வேண்டும்; 50 வயதில் கடமையிலிருந்து விடுபட வேண்டும்; ஆயினும் தம் சகோதரர்க்கு அவர்கள் துணை நிற்கலாம் என்பது அங்குள்ள நெறி. சுமை இறக்கப்படுகிறது, உறவு தொடர்கிறது. கட்டளையிடும் இடத்திலிருந்து கைகொடுக்கும் இடத்திற்கு மூத்தவர் நகர்கிறார்.

ஆசிரியர்க்குப் பட்ட கடன்

1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். சைவத் தமிழில் ஊறிய அவர், சீவக சிந்தாமணியின் பொருளை அறியக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்று பாடங்கேட்டார். 1887இல் அந்நூலை வெளியிட்டார். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து, 1919இல் தம் 64ஆம் வயதில் ஓய்வு பெற்றார்.

அதன்பின் அவர் வாழ்ந்தவை 23 ஆண்டுகள். 1924இல் கொங்குவேளிரின் பெருங்கதையைப் பதிப்பித்தார். அதுவும் சமணப் புலவர் படைப்பே. அவ்வாண்டு முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றினார். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். பிள்ளையவர்கள் மறைந்தது 1876இல். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நெஞ்சில் சுமந்த கடனை, ஓய்வுக்குப் பின்னரே அவரால் முழுமையாகத் தீர்க்க முடிந்தது. 1937இல், 82ஆம் வயதில், குறுந்தொகையைத் தம் உரையோடு வெளியிட்டார். இப்பணிகளில் கி.வா. ஜகந்நாதன் போன்ற மாணவர்கள் அவர்க்குத் துணை நின்றனர். முதியவர் தனித்து உழைக்கவில்லை, உழைப்பினூடே இளையவரையும் உருவாக்கினார்.

தம் சொந்த வரலாற்றை எழுத அவர் முற்பட்டது 1940இல்தான். ஆனந்த விகடனில் தொடராக வந்த அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் நின்றுவிட்டது. போர் அச்சத்தால் சென்னை மக்கள் ஊர் பெயர்ந்த காலத்தில் திருக்கழுக்குன்றத்திற்குச் சென்றிருந்த அவர், 28.4.1942 அன்று அங்கே காலமானார். ஏறக்குறைய நாற்பது ஆண்டு வாழ்க்கை அவர் கையால் எழுதப்படாமலே போயிற்று. இது தமிழுக்கு இழப்பே. ஆயினும் அவர் பணிகளின் வரிசையை நோக்குக: பழம்புலவர் நூல்கள் முன்னே, ஆசிரியர் வரலாறு அடுத்து, தம் வரலாறு இறுதியில். வலிமை மிக்க ஆண்டுகளைப் பிறர்க்குப் பட்ட கடனுக்கு அளித்து, எஞ்சியதையே தமக்கு வைத்துக்கொண்டார்.

சமூகத்திற்குப் பட்ட கடன்

மற்றவர் 1880இல் பிறந்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். தமிழ்ச் சமணர் குலத்தில் தோன்றி, மெய்யியல் பயிற்றி, கும்பகோணம் அரசுக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கியவர். வாமன முனிவரின் மேருமந்தர புராணத்தை 1923இல் பதிப்பித்தார். அம்முனிவரின் உரையோடு நீலகேசியை 1936இல் வெளியிட்டார். தமிழில் சமண இலக்கியம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1941இல் வெளிவந்தபோது அவர்க்கு வயது 61. குந்தகுந்தரின் சமயசாரத்தை ஆங்கில விளக்கத்தோடு 1950இல், எழுபதாம் வயதில் வெளியிட்டார். 1953இல், 73ஆம் வயதில், அவருடைய திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1960இல் மறைந்தார்.

எண்ணிக்கையில் சிறுத்துவிட்ட ஒரு சமூகம், தன் முன்னோர் தமிழுக்கு அளித்ததைத் தானே மறந்துவிடும் நிலை அன்று இருந்தது. ஏடு படிக்கவும், சமண மெய்யியலை உணரவும், அதனை ஆங்கிலத்தில் உலகிற்கு உரைக்கவும் ஒருங்கே வல்லவர் மிகச் சிலர். தாம் செய்யாவிடில் இப்பணி நடவாது போகலாம் என்னும் நிலையில் அவர் இருந்தார். அதுவே அவர் முதுமைக்குப் பொருள் தந்தது.

நமக்குரிய பாடம்

இருவர் வாழ்விலும் பொதுவாக நாம் காண்பன மூன்று. முதலாவது, ஓய்வுக்குப் பின் விளைந்த பயிரின் விதை பணிக்காலத்திலேயே ஊன்றப்பட்டது. 1887இன் சிந்தாமணி இன்றி 1937இன் குறுந்தொகை இல்லை. 1923இன் புராணம் இன்றி 1950இன் சமயசாரம் இல்லை. விடைபெறும் விழாவின் மறுநாள் காலையில் என்ன செய்யலாம் எனத் தேடத் தொடங்குபவர், தேடுவதிலேயே சில ஆண்டுகளைச் செலவிடுவார்.

இரண்டாவது, அவர்கள் பொழுதைப் போக்க வழி தேடவில்லை. தம்மிடம் நிலுவையில் இருந்த கடன் யாது எனக் கேட்டனர். மூன்றாவது, தெளிவும் வலிமையும் உள்ளபோதே கடினமான பணியை முன்வைத்தனர்.

நம் பங்குகளில் ஓய்வு பெற்ற ஆசிரியர், செவிலியர், எழுத்தர், இரயில்வே ஊழியர் எத்தனை பேர்! அவர்களுள் பலர் மாலைத் திருப்பலிக்கும் மருத்துவரின் அறைக்கும் இடையே நாள்களை எண்ணிக் கொண்டிருக்க, அவர்கள் மட்டுமே செய்யவல்ல பணிகள் காத்துக் கிடக்கின்றன. தவக்காலத்தில் மூதாட்டியர் பாடும் புலம்பல்கள் அவர்களோடு மண்ணுக்குள் செல்கின்றன. வாசகப்பா நாடகங்களின் கையெழுத்துப் படிகள் பழைய பெட்டிகளில் செல்லரிக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் சிறுவர் அடுத்த தெருவிலேயே உள்ளனர். ஓய்வூதியப் படிவத்தை நிரப்ப அறியாத நெசவாளர் முதியவர் ஒருவர்க்கு, முன்னாள் எழுத்தர் அளிக்கும் அரைமணி நேரம் பெருங்கொடையாகும்.

இல்லத்தரசியர்க்கு ஓய்வு நாள் குறிக்கப்பட்ட அரசாணை எதுவும் இல்லை என்பதையும் நினைவிற் கொள்வோம். கணவர் ஓய்வு பெற்றபின் அடுப்படிச் சுமையில் பங்கேற்பதும் ஒரு கடன் தீர்த்தலே.

இவற்றுக்கெல்லாம் உடல் ஒத்துழைக்க வேண்டும். காலை நடை, அளவான உணவு, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் காலத்தில் கவனித்தல் ஆகியவற்றை நீண்ட நாள் வாழும் ஆசையாக மட்டும் கருத வேண்டா. ஒப்படைக்கப்பட்ட தாலந்தைப் பேணுதலாகக் கருதலாம். நோய் வந்து முடங்கியவர்க்கு வேறொரு பணி உண்டு. அவர்தம் மன்றாட்டும் பொறுமையும் திருச்சபையின் செல்வம். ஆனால் நடக்க இயலும் கால்களும் எழுத இயலும் கையும் உள்ளவர், அவை உள்ளவரை அவற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவரே.

வாமன முனிவர் எழுதியது பல நூற்றாண்டு காத்திருந்து ஒரு பேராசிரியரின் மேசையை அடைந்தது. நம் வீட்டுப் பெட்டியில் உள்ள கையெழுத்துப் படியும், நம் பாட்டியின் நினைவில் உள்ள பாடலும் அவ்வளவு காலம் காத்திருக்கமாட்டா. அறுபதைக் கடந்த அன்பர்கள் ஒவ்வொருவரும் தம்மிடம் நிலுவையில் உள்ள கடன் ஒன்றைத் தேர்ந்து இவ்வாண்டிலேயே தொடங்குவார்களாக. ஐம்பதில் இருப்போர் அதற்குரிய விதையை இன்றே ஊன்றுவார்களாக.